இரு கைத் தூண்டில் கோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறுகளைப் பற்றி எழுதியபோது, இரு கைகளாலும் பிடித்து வீசும் நீளமான தூண்டில் கோலுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது அடிக் கோலை ஒரு கையால் வீசியே ஃப்ளை ஃபிஷிங் (இறகும் நூலும் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை, வீசி மீன் பிடிப்பது) செய்யலாம் என்னும்போது, 13 அடி, 15 அடிக் கோலைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவதில் என்ன பயன்? மரபைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இதைச் செய்கிறார்களா?
— அபர்டீன் வாசகர்

மரபின் பங்கு சிறிதளவு உண்டு. ஆனால் இந்தக் கோலைப் பிறப்பித்தது ஆற்றங்கரையின் அமைப்பு. ஸ்பே ஆறு ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் தொடங்கி, ஏறத்தாழ 172 கிலோமீட்டர் ஓடி, மோரே வளைகுடாவில் கலக்கிறது. அகலமும் வேகமும் கொண்ட அந்த ஆற்றின் பல இடங்களில் கரை செங்குத்தாக உயர்ந்து நிற்கும். மரங்களும் நீர்விளிம்பு வரை நெருங்கி வந்திருக்கும். வழக்கமான முறையில் ஃப்ளையை வீசுபவர், லைன் எனப்படும் கனமான தூண்டில் கயிறு முழுவதையும் தமக்குப் பின்னால் பறக்கவிட்டு, அது நீண்டு விரிந்த பிறகே முன்னால் செலுத்த வேண்டும். பின்னால் மரம் நின்றால் அந்த வீச்சுக்கு வழியில்லை. இந்த நெருக்கடிக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பே கரைக்காரர்கள் கண்ட தீர்வுதான் இன்று அந்த ஆற்றின் பெயராலேயே வழங்கும் வீச்சு முறை.

இம்முறையில் லைன் முழுவதும் பின்னால் போவதில்லை. அதன் நுனிப்பகுதி வீசுபவருக்குப் பக்கவாட்டில், நீர்ப்பரப்பில் பதிந்து நிற்கிறது. இதை நங்கூரம் என்பார்கள். எஞ்சிய பகுதி கோலின் நுனியிலிருந்து தொங்கி, பின்புறம் ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற வளைவாக அமைகிறது. அந்த வளைவின் கனமும், நங்கூரத்தை நீர் பற்றிக்கொள்ளும் பிடிப்பும் சேர்ந்து கோலை வளைக்கின்றன. வளைந்த கோல் நிமிரும்போது லைன் முன்னால் பாய்கிறது. கோல் நீளமாக இருந்தால்தான் இந்த வளைவு பெரிதாகும்.

நீளத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. லைன் நீரில் விழுந்த பிறகு, நடு ஆற்றின் வேகமான ஓட்டம் அதன் நடுப்பகுதியை இழுத்துச் சென்று ஃப்ளையைத் தாறுமாறாக ஓடவைக்கும். 13 அடிக் கோல் கையில் இருந்தால், நுனியை ஒரு முறை மேல்நோக்கிச் சுழற்றி, லைனை ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒன்பது அடிக் கோலால் அவ்வளவு தூரத்து லைனைத் தூக்க முடியாது. என்னைக் கேட்டால், வீச்சின் தூரத்தைவிட இந்தக் கட்டுப்பாடே இரு கைக் கோலின் பெரிய ஆதாயம் என்பேன்.

என்னிடம் ஒரு கைக் கோலுக்காக வாங்கிய 8-ஆம் எண் லைன் இருக்கிறது. இப்போது 13 அடி நீளமுள்ள 8-ஆம் எண் இரு கைக் கோல் வாங்கியிருக்கிறேன். பழைய லைனையே இதில் போட்டேன். கோல் வளையவே மாட்டேன் என்கிறது. கோலில் குறை இருக்குமா?
— ஸ்காபரோ வாசகர், டொரொன்டோ

கோலில் குறை இருக்காது. இரண்டும் 8 என்று அச்சிட்டிருந்தாலும், அந்த இரண்டு எட்டும் ஒன்றல்ல. ஒரு கை லைனில் எட்டு என்பது, அதன் முதல் 30 அடி ஏறத்தாழ 210 கிரெய்ன், அதாவது 13 அல்லது 14 கிராம் எடை இருக்கும் என்பதைக் குறிக்கிறது. 8-ஆம் எண் இரு கைக் கோலோ 500 முதல் 600 கிரெய்ன் வரை, கிராமில் சொன்னால் 32 முதல் 39 வரை, எதிர்பார்க்கிறது. நீங்கள் போட்டிருக்கும் லைனின் எடை இதில் பாதிகூட இல்லை. ஒரு கை லைன்களில் 12-ஆம் எண்ணை வாங்கினாலும் அதன் முதல் 30 அடி 380 கிரெய்ன்தான். ஆகவே இரு கைக் கோலுக்கு லைன் வாங்கும்போது எண்ணை மறந்துவிட்டு, பெட்டியில் போட்டிருக்கும் கிரெய்ன் அல்லது கிராம் கணக்கைப் பாருங்கள். கோல் தயாரிப்பாளர்கள் பலர், ஏற்ற எடை எவ்வளவு என்பதைக் கைப்பிடிக்குச் சற்று மேலே கோலிலேயே எழுதிவிடுகிறார்கள். எழுதாதவர்கள் தங்கள் பட்டியலில் தருகிறார்கள்.

எடைக்கு அடுத்தபடியாக, அந்த எடை எவ்வளவு நீளத்தில் பரவியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று புழங்கும் லைன்களை மூன்று குடும்பங்களாகப் பார்க்கலாம். முதலாவது, ஸ்காட்லாந்தின் பழைய வழக்கத்தைத் தழுவிய நீண்ட லைன். அதன் கனமான பகுதியே 60 அடியைத் தாண்டும். 15 அடிக் கோலும் பழகிய கையும் இருந்தால் பார்ப்பதற்கே அழகானது. புதியவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, ஸ்வீடனின் யோரன் ஆண்டர்சன் வளர்த்தெடுத்த கீழ்க்கை முறைக்கு ஏற்ற ஸ்காண்டி ஹெட் (ஹெட் என்பது லைனின் கனமான முன்பகுதி). இது ஏறத்தாழ 30 முதல் 40 அடி நீளம் இருக்கும். முன்புறம் மெல்லியதாகக் கூம்பி முடியும். இதில் கோலின் நீளத்துக்குக் குறையாத லீடரை (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழை) கட்டி, சிறிய ஃப்ளைகளை ஓசையின்றி நீரில் இறக்கலாம்.

மூன்றாவது ஸ்காகிட் ஹெட். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் ஸ்காகிட் ஆற்றில், குளிர்காலத்து ஸ்டீல்ஹெட் மீனைத் தேடிய எட் வார்ட், ஜெர்ரி ஃப்ரெஞ்ச், ஸ்காட் ஓ'டானல் முதலியோரின் கைகளில் உருவானது இது. 20 முதல் 25 அடிக்குள் அத்தனை எடையையும் திணித்திருப்பதால், கட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். முன்னால் 10 அல்லது 12 அடி நீளத்துக்கு மூழ்கும் நுனி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த நுனியின் உறைமேல் டி-8, டி-11, டி-14 என்று இருக்கும் எண், ஓர் அடிக்கு எத்தனை கிரெய்ன் என்பதைச் சொல்கிறது. எண் கூடக்கூட நுனி வேகமாக மூழ்கும். கையளவு நீளமுள்ள, நீரைக் குடித்துக் கனத்துப்போன ஃப்ளையை ஆற்றின் அடிவரை கொண்டுசெல்ல இதைவிட வசதியான கருவி இல்லை. ஆனால் கண்ணாடி போன்று தெளிந்த கோடைக்கால ஆற்றில் இது விழும் சத்தத்திலேயே மீன் மிரண்டுவிடும்.

உங்கள் ஊரைச் சுற்றிப் பெருஏரிகளில் வந்து விழும் ஆறுகளில் இலையுதிர்காலத்திலும் பனி உருகும் காலத்திலும் ஸ்டீல்ஹெட் பிடிக்கத்தான் இந்தக் கோலை வாங்கியிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அப்படியானால் ஒரு ஸ்காகிட் ஹெட்டும் இரண்டு மூழ்கும் நுனிகளும் போதும். மூழ்கும் நுனிக்கு முன்னால் மூன்று அல்லது நான்கு அடித் தங்கூசிக்கு (மெல்லிய நைலான் இழை) மேல் கட்டாதீர்கள். நீளமாகக் கட்டினால் நுனி ஆழத்திலும் ஃப்ளை மேலேயுமாக மிதந்து வரும்.

முதல் கோலாக எதை வாங்குவது? கையில் உள்ள பணத்தில் கோலுக்கு எவ்வளவு, ரீலுக்கு எவ்வளவு?
— லண்டன், மெல்பர்ன் வாசகர்கள்

ஆற்றின் அகலத்தைப் பார்த்துக் கோலின் நீளத்தையும், ஃப்ளையின் கனத்தைப் பார்த்து எண்ணையும் முடிவு செய்யுங்கள். கோடையில் ஸ்பே, டீ போன்ற ஆறுகளுக்கு 13 அல்லது 14 அடி, 8 அல்லது 9-ஆம் எண் பொருந்தும். நீர் பெருகி ஓடும் வசந்தகாலத் தொடக்கத்தில் டே, ட்வீட் ஆறுகளில் 15 அடி, 10-ஆம் எண் கோல்களையே அதிகம் காணலாம். சிறிய ஆறுகளுக்கென 11 அடியை ஒட்டிய 'ஸ்விட்ச்' கோல்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு கையாலும் வீசலாம், இரு கையாலும் வீசலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஒரு கையால் நாள் முழுவதும் வீசிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

பணத்தைப் பொறுத்தவரை, நடுத்தர விலைக் கோல், அதற்குச் சரியாகப் பொருந்தும் லைன், தகுதியுள்ள பயிற்றுநரிடம் அரைநாள் பாடம் ஆகியவற்றுக்கே முதலிடம் தருவேன். ரீலுக்கு ஆடம்பரம் வேண்டாம். கனமான ஹெட், அதன் பின்னால் ஓடும் மெல்லிய லைன், அதற்கும் பின்னால் 150 மீட்டர் அளவுக்குப் பின்னிழை ஆகியவை அடங்கும் கொள்ளளவும், சீராக இழுபடும் பிரேக்கும் இருந்தால் போதும். கோலின் நீளத்தை ஈடுகட்டும் அளவுக்கு ரீல் கனமாக இருப்பது நல்லதே. மேல் கை பிடிக்கும் இடத்தில் கோல் சமநிலையில் நிற்க வேண்டும். கோலை வாங்கும் நாளிலேயே மலிவான மின்சார டேப் ஒரு சுருளும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பே வீச்சில் கோல் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்வதால், நான்கு துண்டுக் கோலின் இணைப்புகள் மெல்லத் தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்போடு வீசினால் அந்த இடத்தில்தான் கோல் பிளக்கும். இணைப்பின் மேல் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

சிங்கிள் ஸ்பே, டபுள் ஸ்பே, ஸ்நேக் ரோல், ஸ்நாப் டி என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. இவை எல்லாவற்றையும் கற்க வேண்டுமா? எதில் தொடங்குவது?
— எடின்பரோ வாசகர். இதே பொருளில் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள்

இரண்டில் தொடங்குங்கள். ஆனால் எந்த இரண்டு என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. எல்லா ஸ்பே வீச்சுகளுக்கும் நோக்கம் ஒன்றே: ஆற்றின் கீழ்ப்புறமாக நீண்டு கிடக்கும் லைனை எடுத்து, நங்கூரத்தைச் சரியான பக்கத்தில் வைத்து, பின்னால் வளைவை உண்டாக்கி, குறுக்கே வீசுவது. காற்று ஆற்றின் மேல்நோக்கி அடித்தால் நங்கூரம் உங்கள் மேல்புறத்தில், அதாவது ஆறு வரும் பக்கத்தில், இருக்க வேண்டும். கீழ்நோக்கி அடித்தால் கீழ்ப்புறத்தில். இதை மாற்றிச் செய்தால், காற்று லைனையும் அதன் முனையிலுள்ள கூரிய முள்ளையும் உங்கள் முகத்தின் மீதே கொண்டுவந்துவிடும். சிங்கிள் ஸ்பே, ஸ்நாப் டி இரண்டும் மேல்புறத்து நங்கூர வீச்சுகள். டபுள் ஸ்பே, ஸ்நேக் ரோல் இரண்டும் கீழ்ப்புறத்தவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று தெரிந்திருந்தால் ஆற்றில் நிற்கலாம்.

டபுள் ஸ்பே நிதானமானது, பிழையைப் பொறுத்துக்கொள்வது. ஆகவே அதையே முதலில் கற்கச் சொல்வேன். ஆறு உங்கள் இடப்புறமிருந்து வலப்புறம் ஓடுகிறது, வலக்கை மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைன் வலப்புறம் கீழே நீண்டு கிடக்கிறது. கால்விரல்களையும் இடுப்பையும் ஃப்ளை போய்ச் சேர வேண்டிய இடத்தை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். கோலின் நுனியை நீரருகே தாழ்த்தி, தளர்வு ஏதுமின்றி லைனை மெதுவாகத் தூக்குங்கள். தூக்கிய கோலை உடலுக்குக் குறுக்கே இடப்புறம் கொண்டுபோய்த் தாழ்த்தினால் லைன் உங்கள் முன்னால் நீரில் படுக்கும். அதன் முனை மட்டும் வலப்புறத்தில், ஒரு கோல் நீளத்துக்குள் நிற்க வேண்டும். இனிக் கோலை அதே வழியே வலப்புறம் திருப்பி வீசிச் செல்லுங்கள். லைன் நீரிலிருந்து உரிந்து எழும்போது வெண்ணிறத்தில் ஒரு நீர்ச்சிதறல் கோலைத் துரத்திக்கொண்டு ஓடிவரும். அது நங்கூரத்தை எட்டும் தறுவாயில் கைகளை உயர்த்தினால் பின்னால் வளைவு உருவாகிவிடும். அதன்பின் முன்வீச்சு மட்டுமே மிச்சம்.

முன்வீச்சில் புதியவர்கள் அனைவரும் மேல் கையால் தள்ளுகிறார்கள். கோல் ஒரு நெம்புகோல். மேல் கை அதன் தாங்குபுள்ளி. விசை கீழ்க் கையிலிருந்து வர வேண்டும். கோலின் அடிமுனையை வயிற்றை நோக்கிச் சுருக்கென இழுத்து, நுனி இன்னும் உயரத்தில் இருக்கும்போதே சட்டென நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் லைன் குறுகிய மடிப்பாகப் பிரிந்து பறக்கும். நிறுத்தாமல் கோலைத் தண்ணீர் வரை கொண்டுபோனால் மடிப்பு அகன்று, லைன் பாதி தூரத்தில் சுருண்டு விழும்.

சிங்கிள் ஸ்பேயில் நங்கூரம் நீரைவிட்டு எழுந்து, காற்றில் பறந்துவந்து, மேல்புறத்தில் ஒரு கணம் தொட்டு நிற்கும். தொட்ட உடனேயே முன்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும். பார்வைக்கு எளிமையான வீச்சு இதுவே. முழுமையாகக் கைவர நெடுநாள் பிடிப்பதும் இதுவே. வலக்கைக்காரர் ஆற்றின் இரு கரைகளிலும் மீன் பிடிக்க விரும்பினால், ஒரு கட்டத்தில் இடக்கையை மேலே வைத்தும் வீசப் பழக வேண்டியிருக்கும். அதுவரை வலக்கையை மேலே வைத்தபடியே இடத்தோளுக்கு மேலாக வீசிச் சமாளிக்கலாம்.

பழகும் இடம் நீர்நிலையாக இருக்கட்டும். புல்தரையில் நங்கூரத்துக்குப் பிடிப்பு இருக்காது. அங்கே கற்பது ஆற்றில் உதவுவதில்லை. முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால், நங்கூரம் எங்கே விழுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும், காதும் தப்பும்.

டபுள் ஸ்பே ஓரளவு வருகிறது. ஆனால் நான்கு வீச்சுக்கு ஒரு முறை 'சுளீர்' என்று சாட்டையடி போன்ற ஓசை கேட்கிறது. சில சமயம் ஃப்ளையே காணாமல் போகிறது. மற்ற நேரங்களில் லைன் நீரிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.
— பர்மிங்ஹாம் வாசகர்

ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிழைகளை ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஓசை கேட்கும்போது உங்கள் நங்கூரம் போதவில்லை: முன்வீச்சு தொடங்குவதற்கு முன்பே லைனின் முனை நீரைவிட்டு எழுந்து பின்னால் பறந்துவிடுகிறது, பறந்த முனை சட்டெனத் திரும்பும்போது தங்கூசி அறுகிறது. பின்வீச்சில் விசை கூடுதலாகிவிட்டது என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். லைன் ஒட்டிக்கொள்ளும்போது நங்கூரம் மிகுந்துவிட்டது: கோலை உயர்த்திய பிறகு நீங்கள் தயங்கி நின்றிருக்கிறீர்கள், அதற்குள் வளைவு சரிந்து நீரில் படுத்துவிட்டது. கோலின் நுனி பின்னோக்கிப் போகும் பாதையின் நடுவில் தாழ்ந்தாலும் இதே விளைவுதான்.

அடுத்த முறை, முன்வீச்சுக்கு முன் தலையைத் திருப்பி நங்கூரத்தைப் பாருங்கள். பார்ப்பதில் வெட்கம் ஏதுமில்லை, தேர்ந்தவர்களும் பார்க்கிறார்கள். நீரில் கிடக்கும் பகுதி, ஃப்ளை விழ வேண்டிய இடத்தை நோக்கி நேர்க்கோடாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அது 'எல்' எழுத்தைப் போல ஒடிந்து கிடந்தால் எவ்வளவு வலுவாக வீசினாலும் பயனில்லை. முதலிலிருந்து தொடங்குவதே மேல். வலுவைக் கூட்டித் தவறான நங்கூரத்தைச் சரிசெய்ய முயல்வதால்தான் தோள் வலி வருகிறது.

நான் ஐந்தடி உயரமுள்ள பெண். இவ்வளவு நீளமான கோலைப் பெண்களால் நாள் முழுவதும் வீச முடியுமா?
— கிளாஸ்கோ வாசகி

முடியும். பழைய காலத்தில் கிரீன்ஹார்ட் மரத்தில் செய்த 18 அடிக் கோல்களைத் தூக்குவதற்கே உடல்வலு தேவைப்பட்டது. இன்றைய கார்பன் கோலின் எடை அவற்றில் சிறு பங்குதான். மேலும் ஸ்பே வீச்சில் கோலை வளைப்பது லைனின் எடையும் நீரின் பிடிப்பும் என்பதால், வலுவைவிட நேரக்கணக்கே முக்கியம். பயிற்சி வகுப்புகளில் வலுவை நம்பாத பெண்கள் ஆண்களைவிட விரைவாகக் கற்பதைப் பயிற்றுநர்கள் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் உயரத்துக்கு 12 அல்லது 12½ அடிக் கோலில் தொடங்குவது வசதி. நீரில் இடுப்பளவுக்கு இறங்கினால் வளைவுக்கான உயரம் குறைந்துவிடும், முழங்காலளவோடு நின்றுகொள்ளுங்கள்.

பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப்பெரிய சால்மனைப் பிடித்தவரும் ஒரு பெண்தான். 1922 அக்டோபர் 7-ஆம் தேதி, டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் 64 பவுண்டு மீனைக் கரைசேர்த்தார். அந்தச் சாதனை நூறாண்டு கடந்தும் நிற்கிறது. அவர் அதைப் பிடித்தது படகிலிருந்து, சுழலும் இரையைக் கொண்டு, ஃப்ளையால் அல்ல. ஆகவே உங்கள் கேள்விக்கு அதை நேரடிச் சான்றாகக் காட்ட மாட்டேன். ஆனால் இந்த ஆறுகளின் கதையைச் சொல்லும்போது அவரை விட்டுவிட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

சென்ற செப்டம்பரில் ஒரு சால்மன் என் ஃப்ளையைக் கவ்வியது. உடனே கோலைத் தூக்கி இழுத்தேன், தப்பிவிட்டது. இன்னும் வேகமாக இழுத்திருக்க வேண்டுமா?
— இன்வெர்னஸ் வாசகர்

இழுத்திருக்கவே கூடாது. இந்த முறையில் ஃப்ளையைக் குறுக்கே, ஏறத்தாழ 45 பாகைக் கீழ்நோக்கிய கோணத்தில் வீசி, ஓட்டம் அதை வளைவாகக் கொண்டுவந்து உங்களுக்கு நேர் கீழே நிறுத்தும்வரை விட்டுவிடுகிறோம். பிறகு ஓரிரு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுகிறோம். சால்மன் மேல்நோக்கிய முகத்துடன் தன் இடத்தில் கிடக்கிறது. எழுந்துவந்து ஃப்ளையைக் கவ்வியதும் தன் இடத்துக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில்தான், ஓட்டத்தில் வளைந்து கிடக்கும் லைன் முள்ளை வாயின் ஓரத்துக்கு இழுத்து ஊன்றுகிறது. மீன் திரும்பும் முன்பே நீங்கள் கீழிருக்கும் மீனை மேல்நோக்கி இழுத்தால், முள் வாயின் முன்பக்கம் வழியாக வழுக்கி வெளியே வந்துவிடும்.

ஆகவே ரீலின் பிரேக்கைத் தளர்வாக வைத்து, மீன் சில அடி லைனை உருவிக்கொண்டு போகட்டும் என்று விடுங்கள். கோலில் உயிருள்ள கனம் ஒன்று நிலையாக உணரப்பட்ட பிறகு, கரைப்பக்கமாகக் கோலை மெல்லச் சாய்த்து உயர்த்தினால் போதும். சொல்வது எளிது. ஆற்றில் இரை தின்னாத மீன், நாம் நாள் கணக்கில் காத்திருந்த பிறகு லைனை இழுக்கும்போது சும்மா நிற்பதற்குக் கையைவிட மனத்துக்கே அதிகப் பயிற்சி வேண்டும்.

ஃப்ளை வளைந்து வரும் வேகத்தையும் கவனியுங்கள். 10 பாகை செல்சியஸுக்கு மேல் நீர் வெதுவெதுப்பாக இருந்தால், மிதக்கும் லைனும் சிறிய ஃப்ளையும் சற்று வேகமாகப் போகலாம். அதற்குக் கீழே குளிர்ந்துவிட்டால் மூழ்கும் நுனி, பெரிய ஃப்ளை, மெதுவான ஓட்டம். வீச்சின் கோணத்தை இன்னும் கீழ்நோக்கித் திருப்பினால் ஃப்ளை தானாகவே மெதுவாகும்.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் மீன் உண்டல்லவா? அங்கே இரு கைக் கோல் பயன்படுமா?
— உதகை வாசகர்

பயன்படாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்தான் அங்கே இருப்பது. கனடா வாசகருக்குப் பதில் சொன்னபோது குறிப்பிட்ட ஸ்டீல்ஹெட்டும் அதே இனத்தைச் சேர்ந்ததே, கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய்த் திரும்பும் வகை. ஆனால் நீலகிரியின் ஓடைகள் குறுகலானவை. 13 அடிக் கோலின் நுனி எதிர்க்கரைப் புதரைத் தொட்டுவிடும். அனுமதி பெற்றுச் செல்வதானால் ஏழெட்டு அடி நீளமுள்ள, 3 அல்லது 4-ஆம் எண் ஒரு கைக் கோல் கொண்டுசெல்லுங்கள். பின்னால் சோலை அடர்ந்திருக்கும் இடங்களில், அதே நங்கூரமும் வளைவும் கொண்ட ரோல் வீச்சை அந்தச் சிறிய கோலாலும் செய்யலாம்.

நார்வேயில் மீன்பிடி அனுமதி வாங்கப் போனால், கோல், ரீல், நீரில் இறங்க அணியும் காலுறை அனைத்தையும் கிருமிநீக்கம் செய்த சான்று கேட்கிறார்கள். இது வெறும் சடங்கா?
— ஒஸ்லோ வாசகர்

சடங்கு அன்று. கைரோடேக்டைலஸ் சலாரிஸ் என்னும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒட்டுண்ணி 1970-களில் நார்வேக்குள் நுழைந்து, பல ஆறுகளில் சால்மன் குஞ்சுகளைக் கொன்று குவித்தது. ஆற்றுக்கே மருந்திட்டு, அதிலுள்ள மீன்களையெல்லாம் அழித்துத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது. ஈரமான கருவிகளோடு அது ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பயணம் செய்யக்கூடும். ஸ்பே கோலோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் லைனின் பின்னிழை வரை முழுதாக உலர்த்திக்கொள்வது நல்ல பழக்கம். 2024 ஜூனில், சால்மன் வரத்து மிகக் குறைந்ததால் நார்வே அரசு 33 ஆறுகளில் பருவத்தின் நடுவிலேயே மீன்பிடிப்பை நிறுத்தியது என்பதையும் நினைவில் வைத்தால், இந்தச் சிறு தொல்லை பெரிதாகத் தோன்றாது.

ஸ்பே ஆற்றிலேயே ஒரு நாள் வீசிப் பார்க்க ஆசை. யாரிடம் அனுமதி பெற வேண்டும்? பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?
— லெஸ்டர் வாசகர்

இங்கிலாந்தில் உள்ளதைப் போன்ற அரசு உரிமச்சீட்டு ஸ்காட்லாந்தின் பெரும்பாலான ஆறுகளுக்குத் தேவையில்லை. ஆனால் சால்மன் பிடிக்கும் உரிமை அங்கே தனியார் சொத்து. உரிமையாளரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். ஆறு 'பீட்' எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு நாள்வாடகைக்கு விடப்படுகிறது. பெயர்பெற்ற பீட்டுகளின் வாடகை கண்ணைக் கட்டும். ஆனால் கிராண்டவுன் போன்ற ஊர்களில், அப்பகுதியில் தங்கும் வெளியூராருக்கு உள்ளூர்த் தூண்டில் சங்கம் மலிவாகவே சீட்டுத் தருகிறது. பீட்டில் 'கில்லி' என்னும் வழிகாட்டி இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். எந்தக் கல்லின் பின்னால் மீன் கிடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஸ்பேயில் பருவம் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காட்லாந்து முழுவதும் சால்மன் பிடிக்கச் சட்டப்படி தடை. ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் ஒவ்வொரு சால்மனையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அதன் பிறகும் ஆற்றின் நிலையைப் பொறுத்து விதி மாறும். தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கவே கூடாது. 2023-இல் வெளியான உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு பிரிட்டனின் சால்மனை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே சட்டம் இடம் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் சிறு கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால், மீனை நீரிலிருந்து தூக்காமலே கழற்றி அனுப்பலாம்.

என் கணவர் ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார். தனியே ஆற்றில் நிற்கிறார். எதற்கெல்லாம் நான் பயப்பட வேண்டும்?
— டன்டீ வாசகி

மூன்றுக்கு. முதலாவது கண். காற்று திடீரென மாறினால் ஃப்ளை முகத்துக்கு நேராக வரும்; கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஒரு வீச்சுகூட வீச வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது கால். நீர்க்காலுறைக்கு மேல் இடுப்புவாரை இறுக்கிக் கட்டினால், தவறி விழும்போது உள்ளே தண்ணீர் விரைந்து நிறையாது. கையில் ஊன்றுகோலும், மேலே மிதவை அங்கியும் இருக்கட்டும். எங்கே இறங்குகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மூன்றாவதைப் பலரும் நினைப்பதில்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஆற்றின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளுக்குக் கீழே 15 அடிக் கார்பன் கோலை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து. கோல் கம்பியைத் தொடாவிட்டாலும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும். பிரிட்டனில் மேல்நிலைக் கம்பிகளிலிருந்து 30 மீட்டராவது விலகி நின்று தூண்டில் போடும்படி அறிவுறுத்துகிறார்கள். வண்டியிலிருந்து ஆற்றுக்கு நடக்கும் வழியில் கம்பிகள் இருந்தால், கோலைத் துண்டுகளாகக் கழற்றியே எடுத்துச் செல்ல வேண்டும். தொலைவில் இடி கேட்டாலும் அதே விதிதான்: கோலைக் கீழே வைத்துவிட்டு, கரையேறி, காருக்குள் போய் உட்காரச் சொல்லுங்கள்.